நைனாவின் சட்டைக்கை

ஆம்பூர், வைகாசி 14, வெள்ளி

இன்று நைனா வேலை பார்க்கும், தோல் பதனிடும் ஷாப்புக்கு விடுமுறை. அவரை ஒருவழியாகக் கண் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பத்து நாளாக அவருடைய வலக்கண் சிவந்து வலிக்கிறது; வெளிச்சம் பட்டாலே கூசுகிறது.

"சுண்ணாம்புத் தண்ணி தெறிச்சிடுச்சும்மா," என்றார் நைனா. ஷாப்பில் யாருக்குக் கண் சிவந்தாலும் சுண்ணாம்புத் தொட்டியின் மேல்தான் பழி. இந்த வெயிலிலும் சட்டைக்கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டிருந்தார். முழங்கையில் செதில் செதிலாக உதிரும் படையைப் பார்த்தால் குஷ்டம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கையில படை ஜாஸ்தியாகும்போதெல்லாம் கண்ணும் சிவக்குதும்மா," என்று சொல்லிவிட்டேன். நைனா என்னை முறைத்தார்.

டாக்டரம்மா அவருடைய சட்டைக்கையை மடித்துவிட்டுப் பார்த்தார். "இது குஷ்டம் இல்ல, யாருக்கும் ஒட்டிக்காது. இந்தப் படை இருக்கிறவங்களுக்குச் சில சமயம் கண்ணுக்குள்ளயும் வீக்கம் வரும். இன்னும் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்," என்று சொல்லிச் சொட்டு மருந்து விட்டார். இனிக் கண் சிவந்தால் அன்றைக்கே வரச் சொன்னார்.

"உன்னை இன்னா கேட்டாங்கன்னு வாயைத் தொறந்த?" என்றார் நைனா, வெளியே வந்ததும். குரலில் கோபம் இல்லை. கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தோம். மடித்த சட்டைக்கையை அவர் இறக்கிவிடவே இல்லை.