முதல் ஆட்டை விட்ட புலி

என் செல்லத் தங்கச்சி மல்லிகாவுக்கு,

எனக்கு வேலை கிடைத்துவிட்டதடி! நீ காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் நல்ல சேதி வந்தால் வாய் முதலில் உன் பெயரைத்தான் தேடுகிறது.

டி.வி.யில் மாட்டி ஆடுகிற விளையாட்டுப் பெட்டி செய்யப்போகிறார்கள், மெட்ராசில். அதற்கு விளையாட்டு எழுதுகிற வேலை. நம் தெருவில் இன்னும் ஒரு டி.வி.கூட இல்லை, அப்படியும் ஒரு வேலையா என்று கேட்பாய். அப்பா கேட்டார். தறியை விட்டு எழுந்திருக்காமலே, "இம்மாம் படிச்சிட்டு ஆடு மேய்ச்சிக்கினு இருக்கியேடா! பாங்கு பரீட்சை எழுதுபா" என்றார். இந்தக் கம்பெனிக்காரர்கள் வேண்டாமென்றால் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மேய்த்தது நம்ம ஆடுதான். கோயில் மண்டபத்தில் கோடு கிழித்து ஆடுவோமே, அந்த ஆடுபுலி ஆட்டத்தைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் எழுதிவைத்திருந்தேன். நாம் ஆடு வைத்தால் மெஷினே புலியை நகர்த்தும். ஒவ்வொரு நகர்வையும் காகிதத்தில் அச்சடித்துக் காட்டும்.

கம்பெனி அதிகாரி கல்லூரிக்கே வந்து ஆட உட்கார்ந்தார். முதல் ஆட்டைப் புலியின் வாயருகிலேயே வைத்தார். புலி வெட்டாமல் விலகிப் போனது.

"என்னப்பா, உன் புலி சைவமா?"

"முதல் ஆட்டை வெட்டக் கூடாதே சார்?"

"எந்த ஊர்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது ஆட்டத்தின் சட்டமே இல்லை, உன் சட்டம். முதல் ஆட்டை வெட்டினால் காயையெல்லாம் கலைத்துவிட்டு அழுவாய். "உட்டுடுண்ணா, அது இப்பத்தானே வந்திருக்குது, அதுக்கு இன்னா தெரியும்?" உன் அழுகைக்குப் பயந்து தெருவே அப்படித்தான் ஆடியது. உலகமே அப்படித்தான் ஆடுகிறதென்று நம்பி எழுதிவைத்திருக்கிறேன், மடையன்!

நீ சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். போச்சு, பாங்கு பரீட்சைதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி ஆடினார். அப்புறமும் ஆடினார்.

"புதுசா வர்றவன் எடுத்ததுமே தோத்தா எழுந்து போயிடுவான். இதை மட்டும் எடுத்துடாதே. திங்கட்கிழமை வந்து சேர்ந்துடு."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்தினார்.

"அப்போ வேலை அவளுக்குத்தான்டா கெடச்சிருக்குது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லையடி. உனக்கும் அங்கே கேட்டதா?

இனி எத்தனை விளையாட்டு எழுதினாலும், யார் வீட்டுப் பெட்டியில் ஓடினாலும், புதிதாய் வந்த ஆட்டை என் புலி தொடாது. சத்தியம்.

உன் அழுகைக்கு இன்றும் பயப்படுகிற,
அண்ணன்.