தோண்டக் கூடாத மூணு வாரம்

6 அக்டோபர், திங்கள்
விடாத தூறல். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வர்ற பஸ் முழுக்க ஈரக்குடை நாத்தம். வீட்டுக்கு வந்தா குழாயில அதைவிட நாத்தம். அழுகின முட்டை மாதிரி.
வெண்ணிலா: "நேத்தே சொன்னேன். நீங்கதான் ஃபோன நோண்டிக்கிட்டு இருந்தீங்க."
உண்மைதான்.
நாளைக்கு: மாடி டேங்க் கழுவணும். வாசல் வால்வு பார்க்கணும். பிளேடு, சோப்பு, கேன் தண்ணி ரெண்டு.

7, செவ்வாய்
லீவு. டேங்க் கழுவினேன். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு. கழுவின பிறகும் அதே நாத்தம். ஆக, டேங்க் இல்லை, வர்ற லைன்.
வீட்டு ஓனருக்கு ஃபோன். பின்தெருவில்தான் இருக்கிறார், வந்து பார்க்க மாட்டார். "மழைக்கு அப்படித்தான் தம்பி இருக்கும்." எப்படித்தான் இருக்கும்? சுள்ளுனு கேட்டுட்டேன். கடைசியில் பிளம்பர் நம்பர் கொடுத்தார்.

8, புதன்
பிளம்பர் அன்வர் பாய், குரும்பலூர்க்காரர். குழாயைப் பார்க்கவே இல்லை. நேரா மோட்டார்கிட்ட போய் உட்கார்ந்தார்.
"யாரு தம்பி இத லைன்லயே மாட்டுனது?"
"நான்தான். சித்திரையில."
"வேல சுத்தமா இருக்கு. என்ன வேலைங்க உங்களுக்கு?"
"ஃபேக்டரியில பம்ப் மெயின்டெனன்ஸ்."
சிரிச்சார். "அப்ப நான் சொல்லணுமா? முனிசிபல் தண்ணி தானா வந்தா, விரிசல் இருந்தாலும் வெளியதான் ஒழுகும். நீங்க மோட்டார வச்சு உறிஞ்சுறீங்க. வெளிய கெடக்குறது உள்ள வரும். லைனுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"
கக்கூஸ் தொட்டி.
டிப்ளமோ முதல் வருஷப் பாடம். இந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் லைன்லதான் மோட்டார். அதைப் பார்த்து மாட்டினேன். யோசிக்கலை.
பாத்ரூம் நடையை உடைச்சு ரெண்டடி தோண்டினா போதுமாம். நாளைக்கே வர்றார்.

9, வியாழன்
தோண்டலை.
பாய் கடப்பாரையோட வந்தார். அத்தை நடையை மறிச்சுக்கிட்டு நின்னாங்க. பொண்ணைப் பார்த்துக்க விக்கிரமங்கலத்திலிருந்து வந்து ஒரு மாசமாச்சு.
"புள்ளத்தாச்சி இருக்குற வூட்ல கடப்பாரையா? ஒரு ஆணி அடிக்கக் கூடாது மாப்ள."
"பைப்புக்கும் பிள்ளைக்கும் என்னங்க சம்பந்தம்?"
"எங்க ஓரகத்தி மவளுக்கு வூட்ல செவுத்த இடிச்சாங்க. ஒதடு பொளந்து பொறந்துச்சு. போயிப் பாருங்க, இன்னும் இருக்கு."
ஓனரும் ஃபோனில் அதே பாட்டு. "நம்ம வூட்ல ஒண்ணு ஆச்சுன்னா எனக்குல்ல பேச்சு? ரெண்டாந்தேதி வளைகாப்பு முடிஞ்சு பாப்பா தாய்வூட்டுக்குப் போவட்டும். மறுநாளே ஆளு விடுறேன்."
கத்தினேன். வெண்ணிலா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கட்டில்ல உட்கார்ந்தாள். "மூணு வாரந்தானங்க. குடிக்கிறது கேன் தண்ணிதான? அம்மா சொல்றத ஒரு தடவ கேளுங்களேன்."
கேட்டேன்.
பாய் செருப்பைப் போட்டுக்கிட்டே: "இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் ஆவாது. மோட்டாரயாவது கழட்டிப் போடுங்க தம்பி."
கழட்டினேன்.

11, சனி
தண்ணி விடுற நாள். குழாயில சொட்டு கிடையாது. ரெண்டு பக்கத்து வீட்டிலும் மோட்டார் உறுமுது. நம்ம தண்ணியையும் சேர்த்து இழுக்கிறானுங்க.
வெண்ணிலா குடத்தை இடுப்பில் வச்சுக்கிட்டு தெருமுனை அடிபம்புக்குக் கிளம்பிட்டாள். ஏழாம் மாசம். குடத்தைப் பிடுங்கி வச்சேன்.
மோட்டாரைத் திரும்ப மாட்டினேன். பத்து நிமிஷ வேலை. டேங்கில் பிளீச்சிங் பவுடர். நாத்தம் குறைஞ்ச மாதிரி. இப்ப நீச்சல்குள வாசனை.
அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா மாப்ள, இடிக்காமயே சரியாப் போச்சு."

27, திங்கள்
ரெண்டு வாரமா எழுதலை. தீபாவளி, டபுள் ஷிப்ட், மழை.
வெண்ணிலாவுக்கு நாலு நாளா சோறு இறங்கலை. வாந்தி. "பித்தம்"னு அத்தை. நார்த்தங்கா ஊறுகாய் கேட்டாள், வாங்கணும்.

29, புதன்
வெளிச்சத்துல பார்த்தேன். கண்ணு ரெண்டும் மஞ்சள்.
அத்தை கீழாநெல்லி தேடி ஓடினாங்க. நான் ஆட்டோ பிடிச்சேன். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர்.
"தண்ணி என்ன தண்ணி?"
"கேன் தண்ணிதான் மேடம்."
"பல்லு வெளக்க? அரிசி களைய? பழம் கழுவ?"
எல்லாம் குழாய்த் தண்ணி. அவங்க எழுதிக்கிட்டே இருந்தாங்க. மாசமா இருக்கிறப்ப இந்தக் காமாலை மோசமாம். திருச்சிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வளையல்காரருக்குச் சொல்லிட்டீங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாள்.

2 நவம்பர், ஞாயிறு. திருச்சி
பெண். அழவே இல்லை.
வெண்ணிலா பிழைச்சுக்குவாள்னு சொல்றாங்க. ஆளைத் தெரியுது. பேச்சு இல்லை.
ஃபோன் பண்ண வேண்டியது: சமையல்காரர். வளையல்காரர். வேன். ஃபேக்டரி சூப்பர்வைசர். யாருக்கு முதல்ல?

12, புதன்
டிஸ்சார்ஜ். நேரா விக்கிரமங்கலம், அவங்க வீடு.
அத்தை சோறு போட்டாங்க, முகத்தைப் பார்க்கலை. கடப்பாரையை மறிச்சது நீங்கதானேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மோட்டாரைத் திரும்ப மாட்டினது யாருங்கறதும் கூடவே வந்துச்சு. சாப்பிட்டு எழுந்துட்டேன்.
சாயங்காலம் ஓனர் ஃபோன். "மனசத் தேத்திக்குங்க தம்பி. ஆளு சொல்லிட்டேன், நாளைக்கே தோண்டிரலாம். இப்பதான் தடையொண்ணும் இல்லையே."
வச்சுட்டேன்.

13, வியாழன்
பெரம்பலூர். வெயில். அன்வர் பாய் கடப்பாரையை நீட்டினார். நானே உடைச்சேன்.
ரெண்டடியில் பைப். தொட்டி ஓரத்தில் ஒரு ஜான் நீளத்துக்கு விரிசல், அதைச் சுத்தி கறுப்பு மண். அறுத்து, புது பைப் வச்சு, ஒட்டி, மண்ணு தள்ளி, சிமெண்ட் பூசி முடிச்சோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாப்பது நிமிஷம்.
மோட்டாரைக் கழட்டி பாய் கையில கொடுத்துட்டேன்.
வெண்ணிலாகிட்ட ஃபோன்ல பேசினேன். பத்து நாளில் முதல் தடவையா அவளா ஒண்ணு கேட்டாள்.
"தோண்டியாச்சா? ரொம்ப நேரம் ஆச்சா?"
"ஆமா. பூரா நாளும் ஆச்சு"ன்னேன்.