தீர்த்தத்தில் கரைத்த மாத்திரை

குரோம்பேட்டை
14-3-93

அன்புள்ள ஸ்ரீரங்கன் அண்ணாவுக்கு, சுந்தரவல்லி சேவித்து எழுதியது.

நேற்று அவர் என்னைப் பார்த்து, "மாமி, ஆத்துக்காரி தேடுவா, நான் கிளம்பட்டுமா?" என்றார். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவள் மாமியாகிவிட்டேன். மறதி நோய், மருந்து கிடையாது என்கிறார் டாக்டர். நீ அங்கே அமெரிக்காவில் மூளையைத்தானே ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறாய். ஏதாவது சொல்லேன். ஒரு தரம் "வல்லி" என்று அவர் கூப்பிட்டால் போதும் எனக்கு.

உன் தங்கை
வல்லி

கிளீவ்லாந்து
2-4-93

சௌபாக்கியவதி வல்லிக்கு அநேக ஆசீர்வாதம்.

மாப்பிள்ளையை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. இந்த நோயில் மூளையில் சாகிற செல்களைச் சுற்றி அழற்சி இருக்கிறது, உன் முழங்காலில் இருக்கிற மாதிரி. மூட்டுவலி மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருகிறதாம். நோயாளிகளுக்கே அதைக் கொடுத்துச் சின்னதாக ஒரு சோதனையும் நடந்திருக்கிறது. நீ சாப்பிடுகிறாயே, அதே மாத்திரைதான். ஆனால் எதுவும் நிச்சயமில்லை. கொஞ்சம் பொறு.

ஸ்ரீரங்கன்

குரோம்பேட்டை
16-5-93

அண்ணா, கோபித்துக்கொள்ளாதே. பொறுக்க முடியாமல் என் மாத்திரையை அவருக்குக் கொடுக்க ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. மாத்திரை என்றால் துப்பிவிடுவார். எல்லாம் மறந்தும், காலையில் பெருமாள் தீர்த்தத்துக்கு மட்டும் கை தானாக நீளுகிறது. அதனால் பொடி பண்ணித் தீர்த்தத்தில் கரைத்துவிடுகிறேன். பெருமாள் மன்னிப்பார்.

போன வியாழக்கிழமை கூடத்திலிருந்து, "வல்லி, காபி ஆச்சா?" என்றார். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டு நாளாக வயிறு வலிக்கிறது என்கிறார். வாயுவாக இருக்கும்.

வல்லி

குரோம்பேட்டை
20-6-93

அண்ணாவுக்கு,

தந்தி கொடுக்கக் கை வரவில்லை. இரண்டாம் தேதி அவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். பக்கத்து வீட்டு சாம்பசிவன் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சாயங்காலமே அவர் உயிர் போய்விட்டது. வயிற்றில் புண்ணாம். என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

வெறும் வயிற்றில் கொடுக்காதே, உடனே நிறுத்து என்று நீ எழுதினது அவருடைய பத்தாம் நாள் காரியத்தன்று வந்தது. சௌபாக்கியவதி என்று ஆரம்பித்திருந்தாய்.

உன்மேல் தப்பில்லை. பொறு என்றுதான் சொன்னாய். அவர் என்னைக் கூப்பிட்டது மாத்திரையாலா, தானாகவா என்று உன்னைக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். மாத்திரையால் இல்லை என்றால் அவரை வீணாகக் கொன்றிருக்கிறேன். மாத்திரையால்தான் என்றால், ஒரு தரம் என் பேரைக் கேட்கிறதுக்காகக் கொன்றிருக்கிறேன்.

அதனால் பதில் போடாதே அண்ணா. இதற்கும் வேண்டாம், இனிமேலும் வேண்டாம்.

சுந்தரவல்லி