கரும்புப் பாதையில் ஒரு திருத்தம்

ஜிர்கா, எகிப்து,
மார்ச் 9

அன்புள்ள ரிஃபாயி அண்ணனுக்கு,

தங்கை ராவியா எழுதுவது. இறைவன் உனக்கு நலம் தரட்டும். அம்மா நடமாடுகிறாள். எருமை செத்துப்போனது. என் இடது கை மாவுக்கட்டில் இருக்கிறது. குவைத்தில் உன் அறையில் இருக்கும் ஹம்மாம் சித்தப்பாவின் மகன் உன் போனைப் பார்க்கிறான் என்று தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதி, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் நர்ஸ் வதீதா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நான் ஒரு வீடியோ கேம் செய்து வெளியிட்டேன். நடந்ததெல்லாம் அதனால்தான்.

அலெக்சாண்டிரியாக்காரர் ஒருவர் யூடியூபில் நடத்தும் பாடங்களைப் பார்த்துக் கற்றேன். முதல் பாடம், திரையில் ஒரு பெட்டியை நடக்கவைப்பது. என் பெட்டி தரையில் நிற்காமல் அதற்குள் புகுந்து கீழே விழுந்துகொண்டே இருந்தது. அதை நிற்கவைக்க மூன்று வாரமாயிற்று. பிறகு பெட்டி மனிதனானது. சுடப்பட்டவன் சாகாமல் எழுந்து எழுந்து நின்றான். அந்தப் பிழையைத் திருத்த எனக்கு மனமே வரவில்லை, ஆனாலும் திருத்தினேன். துப்பாக்கிச் சத்தம் சாபிரின் கல்யாணத்தில் நம் ஆட்கள் வானத்தில் சுட்டபோது போனில் பிடித்தது.

கதை நம்முடையதுதான். அப்பாவைக் கொன்றவனைத் தேடி ஒருவன் கரும்புக்காட்டுப் பாதையில் நடக்கிறான். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "இன்னுமா மீசை வச்சிருக்க?" என்று கேட்பார்கள், உன்னைக் கேட்டதுபோலவே. அவன் சுடலாம், சுடாமலும் திரும்பலாம். திரும்பினால் வீட்டில் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். சுடப்போனால், அன்று ஃபவாஸைச் சுட்டுவிட்டு நீ வந்து சொன்னதுதான் நடக்கும். ஃபவாஸ் திரும்புவான், இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுவான், நாம் முந்திக்கொள்வோம். பெயர்களையெல்லாம் மாற்றியிருந்தேன். ஆலைக்குக் கரும்பு இழுத்துப்போகும் சின்ன ரயிலை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன்.

முதல் மாதம் பதினோரு பேர்தான் வாங்கினார்கள். பிறகு கெய்ரோவில் ஒருவன் அதை விளையாடி வீடியோ போட்டான். ரயிலைப் பார்த்ததுமே ஊருக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முற்பகல், அம்மா ரொட்டி மாவைப் பொங்குவதற்காக வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். ஷன்னாப் வீட்டார் நான்கு பேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஃபவாஸின் தம்பி, "எங்க அண்ணன் சாவ விளையாட்டாக்கி விக்கிறீங்களா? ரிஃபாயி வரட்டும், அவன் தோலை இந்தக் கதவுலயே காயப்போடுறேன்" என்றான். சொல்லிக்கொண்டே சுட்டான். மாவு வைத்திருந்த மண்தட்டுகள் வெடித்தன. ஒரு சில்லு அம்மாவின் நெற்றியைக் கிழித்தது, நான்கு தையல். எருமைக்கு வயிற்றில் மூன்று குண்டு. உடனே சாகவில்லை. குடல் சரிந்த பிறகும் முற்றத்தைச் சுற்றி நடந்தது. நான் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தேன்.

ஹம்மாம் சித்தப்பா சாயங்காலம் வந்தார். அவருக்கு எருமையைப் பற்றிக் கவலையில்லை. "சுடாம திரும்பலாம்னு உனக்கு எவ சொல்லிக் குடுத்தா? நம்ம ஆம்பளைங்க மூஞ்சில சாணிய அடிச்சிட்டியே" என்றார். துப்பாக்கிக் கட்டையால் லேப்டாப்பை அடித்து நொறுக்கினார். அடுத்த அடி என் கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தடுக்க வந்த அம்மாவைத் தையல் போட்ட தலையோடு முடியைப் பிடித்துச் சுவரில் தள்ளினார். உன்னிடம் அவர் வேறுமாதிரி சொல்லியிருப்பார்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, கேமின் இணையப் பக்கத்தில் ஒரு கருத்து வந்திருந்தது. எழுதியவள் நஈமா, ஃபவாஸின் மகள். அப்படியே தருகிறேன்: "மத்ததெல்லாம் சரி. எங்க அப்பா திரும்பல. குனிஞ்சு கழுதை மேல கரும்பைக் கட்டிட்டிருந்தாரு. அவர்கிட்ட துப்பாக்கியே இல்ல. முதுகுல ரெண்டு குண்டு. ரொட்டி கொண்டுவந்த நான் பத்தடி தள்ளி நின்னேன். திருத்து."

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நீ சுட்டுவிட்டு வந்த அன்று உன் ஜலாபியா அங்கியைத் துவைத்தவள் அவள்தான். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கையைத் தூக்கி வச்சுப் படு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கேமின் பிரதி இணையத்தில் இருந்தது. தோழி வீட்டுக் கணினியில், ஒற்றைக் கையால், பத்தொன்பது நாள் உட்கார்ந்து திருத்தினேன். சுடப்படும் மனிதர் திரும்பும் அசைவுதான் நான் செய்ததிலேயே அழகாக வந்தது. அதை அழித்தேன். இப்போது அவர் குனிந்து கயிற்றை முடிந்துகொண்டே இருக்கிறார். சுடும்வரை முடிந்துகொண்டே இருப்பார். சுட முடியவில்லை என்று பலர் எழுதுகிறார்கள்.

போன வாரம் மாவுக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனபோது நஈமா எனக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு என் வயதுதான். "எங்க அம்மா பாத்தாங்க. அந்த வீட்லருந்து வந்த மொத உண்மை இதுன்னாங்க. உன் அண்ணன், தன்னைச் சுத்திப் புதைக்கிற கஃபன் துணிய ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வந்தா கதவைத் திறப்போம், பழி அதோட முடிஞ்சுது. சுடமாட்டோம்னு எங்க சித்தப்பாங்களும் ஊர்ப் பெரியவங்க முன்னாடி சத்தியம் பண்ணிட்டாங்க" என்றாள். நான் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "பொண்ணு கொண்டுவந்தா செல்லாது. சுட்டவர்தான் வரணும்" என்றாள்.

ஹம்மாம் சித்தப்பாவுக்கும் செய்தி எட்டிவிட்டது. நீ கஃபனோடு நடந்தால் முதல் குண்டு தன்னுடையது என்று டீக்கடையில் சொன்னாராம். அதனால் யாரிடமும் சொல்லாதே. ஜிர்காவில் இறங்காதே, சோஹாகில் இறங்கு. பெரியவர்கள் கார் அனுப்புவார்கள். துணியை அம்மா வாங்கிவிட்டாள். உன் பழைய ஜலாபியாவை விரித்து, அதை வைத்துத்தான் அளந்தாள். அளக்கும்போது அழவில்லை.

வர மனமில்லையென்றால் வற்புறுத்தமாட்டேன். எங்கே இருந்தாலும் இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் தரட்டும். ஆனால் ஃபவாஸ் திரும்பினார் என்று மட்டும் இனி எனக்கு எழுதாதே, அண்ணா.

உன் தங்கை,
ராவியா