இரண்டும் சரியென்றால்

ரீச்சர்,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த நினைவு மலர் இன்று காலை அச்சகத்திலிருந்து வந்தது. மை வாசம் இன்னும் போகவில்லை. ஆங்கிலத்தில் உங்கள் மகன் எழுதிய பக்கத்தை விரித்தேன். என்ன இருக்கும் என்று தெரிந்திருந்தும் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என்னென்ன கனவு கண்டார் என்று உருகி எழுதியிருக்கிறான். "Dreamt" என்று வர வேண்டிய இடமெல்லாம் "dreamed".

ஒரே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த காலமெல்லாம் நாம் இந்த இறந்தகாலத்துக்காகத்தானே சண்டை பிடித்தோம்! ஒரு பிள்ளை "dreamed" என்று எழுதியதற்குச் சிவப்புக் கோடு போட்டீர்கள். அமெரிக்காவில் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நான் அகராதியையே விரித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பார்த்துச் சொன்னீர்கள்.

"ரண்டும் சரியெண்டால் பிள்ளை எதை எழுதும்? புத்தகம் பிழை, ரீச்சர்."

அன்று சண்டிலிப்பாய் பஸ்ஸில் என் பக்கத்திலேயே இருந்துகொண்டு, இறங்கும்வரை ஒரு சொல் கதைக்கவில்லை. என்ன பிடிவாதம்!

அப்படி உங்களோடு மல்லுக்கட்டிய நானே, உங்களுக்காக "dreamt" என்று திருத்தி அச்சகத்துக்கு அனுப்பினேன். மகன் கனடாவிலிருந்து திரும்ப மாற்றினான். நான் திருத்தினேன். அவன் மாற்றினான். அச்சகக்காரர் பொறுக்க முடியாமல் போன் எடுத்தார்.

"ரீச்சர், ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ, மெஷின் சும்மா நிக்குது!"

கோபத்தோடு மகனை அழைத்தேன். "தம்பி, அம்மா இருந்தால் இதை இப்பிடியே விட்டிருப்பாவே?"

"விட்டிருக்கமாட்டா, அன்ரி. ஆசுப்பத்திரியிலை இருந்து கடைசியாக் கதைக்கேக்கையும் இதுக்குத்தான் என்னோடை சண்டை பிடிச்சவ. நான் அனுப்பின மெசேஜிலை பிழையாம். இப்ப நான் திருத்தினால் அந்தச் சண்டை முடிஞ்சிடும். முடிக்க மனமில்லை, அன்ரி."

அச்சகக்காரரிடம் அப்படியே அடிக்கச் சொல்லிவிட்டேன்.

இன்று பின்னேர வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்று "dreamed" என்று வாசித்தாள். சரி என்றேன். சரிதானே! ஆனாலும் எரிச்சல் குப்பென்று ஏறியது. நீங்கள் இருந்தவரை எனக்கு என் பக்கத்துக்கு வாதாடினால் போதும். இப்போது உங்கள் பக்கத்துக்கும் நானே வாதாட வேண்டியிருக்கிறது, ரீச்சர். அதிலும் அநேகமாக நீங்கள்தான் வெல்கிறீர்கள்.