மணி அடிக்கும் வேலை

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? இங்கே அயோவாவில் பனி இன்னும் கரையவில்லை. நான் நலம்.

நேற்று நகர மன்றக் கூட்டத்தில் ஒரு சின்ன ரகளை. பயப்படாதீர்கள். நகராட்சி விடும் சனிக்கிழமை வேனை நிறுத்தப் பார்க்கிறார்கள். ஆர்லீன் அம்மாள் டயாலிசிஸுக்குப் போவது அதில்தான். பக்கவாதம் வந்தவர், ஒவ்வொரு சொல்லையும் உந்தித் தள்ளித்தான் பேசுவார். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் மணி அடிப்பது என் வேலை. அவர் வேன் பேச்சை எடுப்பதற்குள் அடித்துவிட்டேன்.

அடுத்து நின்ற லாரிக்காரர் டுவேன், "என் மூணு நிமிஷத்தையும் அவங்களுக்கே குடுங்க. நான் பேசி என்னத்தக் கிழிக்கப் போறேன்?" என்றார்.

"என்னோடதையும்!" என்றது வரிசை.

"விதியில இடமில்லீங்களே," என்றார் தலைவர், சிரிப்பு மாறாமல். சோளத் திருவிழா ஊர்வலத்தைப் பற்றி அவரே அரைமணி நேரம் பேசியிருந்தார். அதற்கு மணி கிடையாது!

போகும்போது ஆர்லீன் என் கையைத் தட்டி, "உன்... தப்பில்ல... கண்ணு," என்றார். என் தப்புதான், அப்பா.

செவ்வாயன்று வாக்கெடுப்பு. அவர் மறுபடி பேசுவார்; நான் அடிக்கமாட்டேன். வேலை போனால் வீட்டுக்குத்தான் வருவேன்; என் அறையில் உங்கள் மீன் வலைகளை அடைத்திருந்தால் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் ஹேசல்