நார்வே கோப்பு

இன்று காலை கம்பளித் துணிகளை வெயிலில் போடுவதற்காக இரும்புப் பெட்டியைத் திறந்தேன். தீபாவளி போனால் தில்லியில் எல்லா பால்கனியிலும் இந்த ரசகற்பூர வாசனைதான். முகர்ந்ததுமே நீ வந்துவிட்டாய். ஸ்வெட்டர்களுக்கு அடியில் நம் நார்வே கோப்பு இருந்தது. நீ போன பிறகு உன் மகன் கொண்டுவந்து கொடுத்தது. நாடாவை அவிழ்க்கத் தைரியமில்லாமல் இரண்டு வருடமாக அங்கே ஒளித்து வைத்திருந்தேன்.

அரசு அலுவலகத்தில் தோழிகளான நமக்கு எதிரெதிர் மேஜை. கிட்வாய் நகர் குடியிருப்பில் நீ மாடி, நான் கீழ்வீடு. குளிர்காலத்து மதிய இடைவேளையில் புல்வெளியில் கடலை உரித்துக்கொண்டு நான் வரைபடத்தை விரிப்பேன். நீ பக்கத்தில் நீலக் கம்பளியில் குல்லாய் பின்னுவாய். முதுகில் வெயில் ஏற ஏறக் கண் செருகும். ஆரஞ்சுத் தோல் சிதறிய அந்தப் புல், மலைகளுக்கு நடுவே நுழையும் கடலாகிவிடும். நம் கப்பல் சத்தமில்லாமல் நகரும். இடைவேளை முடிந்து யாராவது தட்டி எழுப்பும்வரை நாம் நார்வேயில்தான் இருப்போம்.

ஆனால் எந்த மாதம் போவது? எனக்கு ஜூன். சூரியன் அடையாத ஊரைப் பார்க்க வேண்டும். உனக்கு டிசம்பர்.

"ஏட்டி, தில்லி வெயில்ல வெந்தது காணாதா? அங்க போயும் வெயிலயா பாக்கப் போற? ராத்திரி வானம் பச்சை வெளிச்சமா அலையடிக்குமாம், அதப் பாக்கணும்" என்பாய், தில்லி கரைக்க முடியாத திருநெல்வேலித் தமிழில்.

"அந்தக் குளிர்ல என் முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்பேன்.

பேச்சில் தீராததை ஆபீஸ் புத்தியில் கோப்பாக்கினோம். 'ஜூன் உகந்தது. ஒப்புதலுக்கு' என்று எழுதி மாடிக்கு அனுப்புவேன். 'டிசம்பரைப் பரிசீலிக்கலாம். பேசவும்' என்று இறங்கி வரும். பேசுவோம், சிரிப்போம், மறுபடி ஏறும். கோப்பு நகர்ந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று நம்பியே பழகியவர்கள் நாம். வருடங்கள் போவது இருவருக்குமே உறைக்கவில்லை. ஓய்வும் பெற்றோம். பிறகு உன் நுரையீரலில் வந்த நோய் யாரையும் கேட்காமல் முடிவெடுத்துவிட்டது. எனக்கு உன்மேல் கோபம். என்மேல் அதைவிட.

இப்போது மயூர் விஹாரில் இருக்கும் என் மகள் என்னை நார்வேக்கு அழைத்துப் போகிறாள். துணிகளை உதறிக்கொண்டிருக்கும்போதே போன் செய்தாள். "அம்மா, ஜூனா டிசம்பரா? ஜல்தி சொல்லும்மா, லீவு போடணும்."

ஜூன் என்றால் நீ இல்லாத நேரம் பார்த்து உன்னை ஜெயித்ததாகிவிடும். டிசம்பர் என்றால் உன் வானத்தை நான் தனியாகப் பார்க்க வேண்டும். போகவே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "சாயங்காலம் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, நாடாவை அவிழ்த்தேன்.

என் கடைசிக் குறிப்புக்குக் கீழே, நடுங்கிய எழுத்தில், நான் பார்த்திராத ஒன்று:

'செப்டம்பர் கடைசி. உன் முட்டி தாங்குகிற குளிர்தான். பச்சை வானமும் அப்போதே தொடங்கிவிடுமாம். பேசவும்.'

துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாரோடு பேச, சொல்?

பிறகு பேனாவை எடுத்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் நடக்காததை நடந்ததாக ஒரு வரி எழுதியவள் இல்லை நான். இன்று எழுதினேன்: 'பேசினோம். செப்டம்பர்.' கையெழுத்தும் போட்டேன்.

மகளிடம் மாதத்தைச் சொல்லியாயிற்று. குல்லாயை வெயிலில் போட்டிருக்கிறேன். "தில்லிக் குளிருக்குப் போட்டு இதப் பாழாக்கிராத, நார்வேக்கு வச்சுக்கோ" என்று நீ கொடுத்தது. எத்தனையோ ஜனவரிகளில் காது விறைத்தும் நான் அதைத் தொட்டதில்லை. அதுவும் கோப்பும் என் கைப்பையில் வருகின்றன. கோப்பை நான் முடிக்கவில்லை. வானம் பச்சையானால் அடுத்த குறிப்பை உனக்கு எழுத வேண்டும்.